அதலைக்காய் ஊறலுக்குச் சான்று இல்லை

ஜாடியை மேலே வைக்கலாம்தான் அண்ணாச்சி. சாய்ந்துவிடும். மூடி இறுக்கமாக இல்லை. இறுக்கி மூடக்கூடாதாம், உள்ளே மூச்சு விடணுமாம். மடியிலேயே இருக்கட்டும். உங்கள் வேட்டியில் சிந்தாது, துணி சுற்றியிருக்கிறேன். வாசனை வருகிறதா? வரும். கோவில்பட்டியில் ஏறினதிலிருந்து கண்டக்டர் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார்.

கள் இல்லை அண்ணாச்சி. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஊறுகாய்த் தண்ணீர். காய் கிடையாது, தண்ணீர் மட்டும்.

டம்ளரா? அது வேறு. அதில் இருப்பது கல்லுப்பு. அதை அப்புறம் சொல்கிறேன்.

சிந்தலூருக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கணும். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகுமா? ஆகட்டும். என் பேச்சு புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது இல்லையா? சிரிக்காதீர்கள், எனக்கே தெரியும். பாளையங்கோட்டையில் பிறந்தவன்தான். எட்டாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் இங்கிலீஷ். அப்புறம் ஓமனில் ஒரு துறைமுகத்தில் பதினெட்டு வருஷம். அங்கே தமிழில் பேச ஆள் கிடையாது, எழுதத்தான் வாய்ப்பு. எழுதி எழுதி இப்படி ஆகிவிட்டது. கடையில் போய்த் தேங்காய் கேட்டால் கூடக் கடைக்காரர் என்னை அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார்.

துறைமுகத்தில் என் வேலை காகிதம். சரக்கைத் தொடுவதே இல்லை. ஏற்றின ஊரில் எழுதின காகிதம் ஒன்று, இறக்குகிற இடத்துக் காகிதம் ஒன்று. ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கணும். ஒத்துப்போனால் முத்திரை. இல்லாவிட்டால் சரக்கு அங்கேயே கிடக்கும். கண்ணெதிரே பெட்டி இருக்கும், வாசனை மூக்கில் ஏறும், பேரீச்சம்பழம் என்று எனக்கும் தெரியும், டிரைவருக்கும் தெரியும். காகிதம் வரும்வரை அது பேரீச்சம்பழம் இல்லை அண்ணாச்சி. முறை முறைதானே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வந்துவிட்டேன். மனைவி மஸ்கட்டில் ஆசிரியை, மகளும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். போன ஞாயிறு ஏதோ வேலை. அதற்கு முந்தின ஞாயிறும். அதெல்லாம் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் கலைக்களஞ்சியம் இருக்கிறதே.

சொல்கிறேன். இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம், தமிழில். யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம். யார் எழுதினதையும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். சம்பளம் கிடையாது. ஆனால் கட்டுரையை அடியோடு நீக்குகிற உரிமை எங்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான். நான் ஒருத்தன். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் அண்ணாச்சி, பதினோரு ஓட்டு. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தர் முகம் கூட எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒருநாள் புதிதாக ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, 'அதலைக்காய் ஊறல்'.

அதலைக்காய் தெரியும்தானே உங்களுக்கு? பாகற்காய்க்குத் தம்பி மாதிரி, சுண்டுவிரல் நீளம். மழைக்குக் கரிசல்காட்டில் தானாகக் கொடி ஓடும். நீங்கள் பொரியல்தான் சாப்பிட்டிருப்பீர்கள். எல்லாரும் பொரியல்தான். இந்தக் கட்டுரையில் வேறு ஒன்று இருந்தது. பறித்த அன்றைக்கே காயைக் காம்பும் வாலும் கிள்ளி உப்பு நீரில் போடணும், மறுநாளைக்கு வைத்தால் வெடித்துவிடும். அதில் பழைய சோற்றின் நீத்தண்ணி விடணும். அதோடு போன வருஷத்து ஊறலில் எடுத்துவைத்த பழந்தண்ணி ஒரு டம்ளர். அந்தப் பழந்தண்ணிதான் உயிர். அது இல்லாமல் போட்டால் வெறும் அழுகல் காய். ஆகவே யாரும் புதிதாகத் தொடங்க முடியாது, ஒரு வீட்டில் வாங்கித்தான் இன்னொரு வீடு.

எப்படி வாங்குவது என்று தனியாக ஒரு பத்தி. வாயால் கேட்கக்கூடாதாம். கேட்டு வாங்கின தண்ணீர் நாறிவிடுமாம். ஒரு காலி டம்ளரில் கொஞ்சம் கல்லுப்பைப் போட்டு, அந்த வீட்டு அடுக்களை வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கணும். அவர்களாகப் பார்த்து, எடுத்து, ஊற்றிக் கொடுக்கணும். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் 'விநோதமான கூற்று, சான்று தேவை' என்று குறித்தேன்.

கட்டுரைக்குக் கீழே சான்றுகள் என்று ஒரு பகுதி இருக்கும். எந்தப் புத்தகம், எந்தப் பத்திரிகை என்று போடுகிற இடம். அங்கே என்ன இருந்தது தெரியுமா? ஏழு பெண்கள் பேர். 'ஒண்ணு, கிணத்தடி வீட்டு மாடத்தி. ரெண்டு, மாடத்தியிடம் வாங்கின உச்சிமாகாளி' என்று போய்க்கொண்டே இருந்தது. யாரிடமிருந்து யார் தண்ணீர் வாங்கினார்கள் என்கிற வரிசை. ஏழாவது பேர், 'செண்பகவல்லி மதினி, கல்யாணமாகி வெளியூர் போயிட்டாங்க'.

பதினெட்டு வருஷத்தில் நான் எத்தனையோ பொய்க் காகிதம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு காகிதம் பார்த்ததில்லை.

ஏழு பேரையும் அடித்துவிட்டு, சான்று இல்லை என்று முத்திரை போட்டேன். எழுதினவர் உடனே உரையாடல் பக்கத்துக்கு வந்துவிட்டார். வெயிலுகந்தாள் என்று பேர். சிந்தலூர் கிளைத் தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டராம்.

"ஐயா வணக்கம். நீங்க கேக்குற சான்று எதுன்னு வெளங்கல. ஏழு பேரு பேரு போட்டிருக்கேனே. நாலு பேரு நல்லா இருக்காங்க. போன் நம்பர் வேணுமா?"

"தனிநபர்கள் சான்று ஆகமாட்டார்கள் அம்மா. அச்சில் வந்த நூல், நாளிதழ், ஆய்விதழ் ஏதாவது வேண்டும்" என்று எழுதினேன்.

"அச்சுல வர்றதுக்கு நாங்க என்ன கொலையாய்யா பண்ணியிருக்கோம்? ஊறல்தான போட்டோம்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். வீட்டில் சத்தமாகச் சிரித்து எனக்கே என் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. ஆனால் முறை முறைதானே. 'நீக்கலாமா வேண்டாமா' என்று விவாதத்துக்கு வைத்தேன். ஏழு நாள் அவகாசம்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், தனுஷ்கோடி என்று, அவர் மட்டும் வெயிலுகந்தாள் பக்கம். "நாலு எபிசோடில் தலையைக் காட்டிய நடிகருக்கெல்லாம் பக்கம் வைத்திருக்கிறோம். ஒரு தெருவே சாப்பிடுகிற பண்டத்துக்கு வைத்தால் களஞ்சியம் இடிந்துவிடுமா?" என்று கேட்டார். பெங்களூர்க்காரர் ஒருவர், "இதை விட்டால் நாளைக்கு என் மாமியார் அவர் ரசத்துக்கும் ஒரு பக்கம் கேட்பார்" என்றார். இன்னொருவர் வெறுமனே 'நீக்கு' என்று போட்டுவிட்டுப் போனார். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கமாகப் பதில் எழுதினேன். ஒரு தெருவில் மட்டும் தெரிந்தது அறிவா, செய்தியா, வெறும் பழக்கமா? நல்ல கேள்வி அண்ணாச்சி அது. இப்போதும் நல்ல கேள்விதான்.

வெயிலுகந்தாள் தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு வருவார். தபால் பையைக் கட்டி அனுப்பின பிறகு. நான் பன்னிரண்டரைக்கே மெஸ் சாப்பாட்டைப் பிரித்து, சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பேன். காத்திருக்கவில்லை, பதில் தாமதமானால் அவருக்குத்தானே நஷ்டம் என்று. சில நாள் சான்றை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதுவார். "இன்னைக்கு இங்க நல்ல மழை, மணியார்டர் கொண்டுபோக முடியல. அங்க மழையாய்யா?" உரையாடல் பக்கம் கட்டுரையைப் பற்றிப் பேச மட்டுமே என்று ஒரு விதி. அதை அவருக்குச் சுட்டிக்காட்டினேன். சுட்டிக்காட்டிவிட்டு, அதற்குக் கீழே, 'இங்கும் மழை' என்று போட்டேன்.

ஏழு நாள் முடிந்தது. மூன்றுக்கு ஒன்று. அன்றைக்கே நீக்கியிருக்கலாம். 'விவாதம் முழுமை பெறவில்லை' என்று இன்னும் ஏழு நாள் நீட்டித்தேன். பெங்களூர்க்காரர் கேட்டார், இதில் இன்னும் பேச என்ன இருக்கிறது என்று. அவருக்கு அவசரம். நான் நிதானமான ஆள்.

பதிமூன்றாவது நாள் வெயிலுகந்தாள் எழுதினார். "ஐயா, நாம ரெண்டு பேரும் எழுதிக்கிட்டே இருந்தா எப்படி? நீங்க ஒருநாள் வாங்க. விளாத்திகுளம் பஸ்ல ஏறி, சிந்தலூர் விலக்குல எறங்கி, போஸ்ட் ஆபீஸ் எங்கன்னு கேளுங்க. எங்க கூட ஒருவாய் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு, இருக்கா இல்லையான்னு நீங்களே எழுதுங்க."

ஊருக்கு வந்த ரெண்டு வருஷத்தில், அண்ணாச்சி… கல்யாணப் பத்திரிகை வரும், அது வேறு. சரி, விடுங்கள்.

நான் என்ன பதில் எழுதினேன் என்று கேட்கிறீர்கள். 'கட்டுரையைத் திருத்துபவர் நேரில் உண்டு பார்ப்பது சொந்த ஆய்வு ஆகும். சொந்த ஆய்வு ஏற்கப்படாது. விதி மூன்று.' எழுதிவிட்டு ரெண்டு தடவை படித்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

பதினைந்தாவது நாள் நீக்கினேன்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? பாட்டில் இருக்கிறது. எட்டயபுரம் தாண்டிவிட்டதா? கவனிக்கவே இல்லை.

இனிமேல்தான் விஷயம். கட்டுரையை நீக்கினாலும் அதன் உரையாடல் பக்கம் சில நாள் கிடக்கும். ஐந்தாறு நாள் கழித்து அதில் யாரோ பேர் போடாமல் ஒரு செய்தி எழுதியிருந்தார்கள். மனப்பாடமாகச் சொல்கிறேன். "எங்க அம்மா பேரு செண்பகவல்லி. இந்தத் தண்ணி எங்க வீட்டுல இருக்கு. சிந்தலூர்ல யாரு எழுதுனதுன்னு அம்மா கேக்காங்க. செங்கோட்டை, ரயில்வே கேட் பக்கம், மாவு மில்லு வீடு."

நாலு நிமிஷத்தில் அதை எடுத்துவிட்டேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். 'இது அறிவிப்புப் பலகை அல்ல' என்று எழுதினேன். நாலு நிமிஷம் அண்ணாச்சி. எங்கள் களஞ்சியத்தில் அதற்குப் பாராட்டெல்லாம் உண்டு.

ரெண்டு நாள் கழித்து வெயிலுகந்தாள் எனக்கென்று இருக்கிற பக்கத்தில் எழுதினார். "ஐயா, பக்கத்த எடுத்துட்டீங்க. சரி. உங்க வேலைய நீங்க பாத்தீங்க, நான் கோவிச்சுக்கல. போன வருசம் வெள்ளத்துல எங்க தெரு முழுக்க முங்கிட்டு. எல்லார் வீட்டு ஊறல் பானையும் உருண்டு போச்சு. வெளிய கொண்டுபோனது செண்பகவல்லி மதினி ஒருத்திதான். எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல. மதினி கண்ணுல பட்டா வருவாங்கன்னுதான் எழுதுனேன். உங்களுக்கு ரொம்ப செரமம் குடுத்துட்டேன்."

நான் பதில் எழுதினேன். 'கட்டுரை நீக்கம் குறித்த மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் முறை பின்வருமாறு.' அது தயாராக இருக்கிற வாசகம், ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும்.

அதோடு அவர் வரவில்லை. ஒன்றேகால் வரும், போகும். நான் வேறு கட்டுரைகளைப் பார்த்தேன். பாலங்கள் பற்றி ஒருவர் நிறைய எழுதுகிறார், அதையெல்லாம் சரிபார்த்தேன். நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் சான்று போடுகிறவர். ஒரு வார்த்தை அதிகமாகப் பேசமாட்டார்.

மார்கழிக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். நாலு நாள். மெஸ்காரர் பார்சலைக் கதவுப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார், எடுக்க எழுந்திருக்க முடியாது. படுத்தபடியே போனில் பழைய உரையாடல்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், படுத்திருக்கிறவன் எதையாவது படிப்பான். வெயிலுகந்தாளுடைய கடைசிச் செய்தி. அப்புறம் நான் நீக்கினவற்றின் பட்டியல். எங்கள் களஞ்சியத்தில் எதுவும் முழுக்க அழியாது, நீக்கினது எங்களைப் போன்றவர்கள் கண்ணுக்குத் தெரியும். செண்பகவல்லி. செண்பகவல்லி. ரெண்டு காகிதத்திலும் அதே பேர்.

பதினெட்டு வருஷம் எனக்குச் சோறு போட்ட வேலையே ரெண்டு காகிதத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கிறதுதான் அண்ணாச்சி. ரெண்டும் என் மேஜைக்கே வந்திருக்கிறது. ரெண்டு நாள் இடைவெளியில். ஒருத்தி இங்கே கேட்கிறாள், ஒருத்தி அங்கே வைத்துக்கொண்டு நிற்கிறாள், நடுவில் நான் முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வெயிலுகந்தாளுக்கு மூன்று தடவை எழுதினேன், அந்தப் பக்கத்திலேயே. அவர் திறந்தே பார்க்கவில்லை போல. அஞ்சலட்டை ஒன்று வாங்கினேன். 'போஸ்ட்மாஸ்டர், சிந்தலூர்' என்று முகவரி எழுதிவிட்டேன். உள்ளே என்ன எழுத? நான்தான் நீக்கியவன் என்றா? மேஜையிலேயே கிடக்கிறது.

காய்ச்சல் விட்டதும் செங்கோட்டைக்கு ரயில் ஏறினேன். ரயில்வே கேட், மாவு மில். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கட்டுரை முழுக்க எனக்கு மனப்பாடம், அதில் சொன்னபடியே செய்துவிடலாம் என்று டம்ளரும் உப்பும் கொண்டுபோயிருந்தேன். இதே டம்ளர்தான். அடுக்களை வாசல் கொல்லைப் பக்கம் இருந்தது. படியில் வைத்துவிட்டு நின்றேன். நாற்பத்தெட்டு வயசில், பேண்ட்டும் சட்டையுமாக, செருப்பைக் கழற்றிவிட்டு.

ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "எம்மா, யாரோ ஒரு சாரு டம்ளரோட நிக்காரு. பேச மாட்டேங்காரு."

அந்த அம்மா மாவுக் கையோடு வந்தார். ஐம்பது வயசிருக்கும். டம்ளருக்குள் பார்த்தார். உப்பைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சிந்தலூர்ல யாரு அனுப்பிச்சா?"

"யாரும் அனுப்பவில்லை அம்மா" என்றேன். என்றுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். உங்களிடம் சொன்ன மாதிரி இவ்வளவு ஒழுங்காக இல்லை. வெள்ளம், கட்டுரை, ஏழு பேர், நாலு நிமிஷம். அவர் முழுக்கக் கேட்டார். முடித்த பிறகு சொன்னார்.

"அப்பம் வெயிலு அவ டம்ளர அங்க கொண்டு வச்சிருக்கா. நீரு அத எடுத்துக் கழுவி அலமாரில வச்சுட்டீரு."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"எம்மவ எழுதுனதயும் நீருதான் அழிச்சீரா? புள்ள ரெண்டு நாளா பதில் வந்துச்சா வந்துச்சான்னு பாத்துக்கிட்டு கெடந்தா. நல்ல ஆளுய்யா நீரு." அப்புறம் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை. "சரி, இரும். தண்ணிக்கு ஆள் வந்தாச்சுன்னா வையக்கூடாது."

அவர் வீட்டு ஜாடிதான் இது. நிரப்பிக் கொடுத்தார். டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். சாப்பிடச் சொன்னார், ஊறல் போட்ட தட்டை முன்னால் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸெல்லாம் இருந்தது. என்னை ஏற்கெனவே ஓர் இடத்தில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்களே, முதலில் அங்கேதானே சாப்பிடணும். அது ஒரு முறை.

கிளம்பும்போது, "உமக்கும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அம்மா. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன்தான். தனியாள். எனக்கெதற்கு?"

"வீட்டுல?"

"மஸ்கட்டில் இருக்கிறார்கள்."

அவர் ஜாடியின் மூடியைத் தளர்த்தி வைத்தார். "அப்பம் வீட்டுக்குப் போனதும் மறக்காம இதுல ஒரு கை நீத்தண்ணி விடும். பட்டினி போட்டா சொணங்கிரும்" என்றார்.

நீத்தண்ணி வேண்டுமென்றால் பழைய சோறு வேண்டும். பழைய சோறு வேண்டுமென்றால் முந்தின நாள் சோறு வடித்திருக்கணும். என் வீட்டில் அரிசியே கிடையாது அண்ணாச்சி. அன்றைக்குச் சாயங்காலம் போய் ஒரு கிலோ வாங்கினேன். கடைக்காரர் "விருந்தாளியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வடித்தேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றி வைத்தேன். மறுநாள் காலையில் அந்த நீத்தண்ணியை எடுத்து ஜாடியில் விட்டேன். மிச்சச் சோற்றை என்ன செய்ய, நானே சாப்பிட்டேன். அதனால்தான் நேற்றே வந்திருக்க வேண்டியவன் இன்றைக்கு வருகிறேன்.

நீத்தண்ணி விட்ட கொஞ்ச நேரத்தில் அது சத்தம் போடும் தெரியுமா? மூடிக்கு அடியில் சின்னச் சின்னதாக நுரைமுட்டை விடும். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். நேற்று முழுக்க நான் வேறு எங்கும் போகவில்லை. களஞ்சியத்தைத் திறக்கவில்லை. பாலங்கள்காரர் ஏதோ கேட்டிருந்தார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

என்ன கேட்கிறீர்கள்? அந்தக் கட்டுரையைத் திரும்பப் போட்டுவிடுவேனா என்றா?

எப்படிப் போட முடியும்? சான்று இல்லையே. இந்த ஜாடி சான்று ஆகாது. அந்த அம்மா சான்று ஆகமாட்டார். நாளைக்கு யாராவது திரும்ப எழுதினால் நான்தான் திரும்ப நீக்கணும். நான் செய்த தப்பு அந்த நாலு நிமிஷத் தப்பு, பதினைந்தாவது நாள் செய்தது தப்பில்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முறை முறைதானே.

அப்புறம் எதற்கு இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்கிறீர்கள். ஜாடியைக் கொடுக்கத்தான். நான்தான் அந்த ஆள் என்று சொல்லணும், அவர்களுடைய மதினி இருக்கிற இடத்தைச் சொல்லணும். வெளியே போ என்றால் போய்விடவேண்டியதுதான். அப்படிச் சொன்னாலும் நியாயம்தான்.

டம்ளர்தானே? பார்த்துக்கொண்டே வருகிறீர்கள், கேட்காமல் விடமாட்டீர்கள்.

கொண்டுபோகிற ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் எனக்கென்று ஊற்றிக்கொண்டிருக்கலாம். நேற்று ராத்திரி வரைக்கும் என் அடுக்களையில்தானே இருந்தது? கரண்டி கூட எடுத்தேன். இன்னொருத்தருக்குப் போகிற சரக்கு, அதில் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. தவிர, எடுத்துக்கொள்ளக்கூடாது அண்ணாச்சி. கொடுக்கணும். கட்டுரையில் தெளிவாக இருந்தது. காலையில் கிளம்பும்போது டம்ளரைத் துடைத்து, கொஞ்சம் உப்பைப் போட்டு எடுத்துக்கொண்டேன். எனக்குத்தான்.

காய் அடுத்த மழைக்குத்தான் வரும். எட்டு ஒன்பது மாசம் வெறும் தண்ணீரை வைத்துக் காப்பாற்றணும். வாரம் ரெண்டு நாளாவது சோறு வடிக்கணும். அதைப் பற்றி ஒன்றுமில்லை. பாதி அரிசி மிச்சம் இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் குழப்பம். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர், உங்களுக்குத் தோன்றினால் சொல்லுங்கள். ஜாடியை முதலில் வைத்தால், கொடுத்ததற்குப் பதிலாகக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். டம்ளரை முதலில் வைத்தால், அவர்கள் பார்ப்பார்கள், உப்பு தெரியும், ஊற்ற அவர்கள் வீட்டில் ஒன்றும் இருக்காது, பாவம். ரெண்டையும் சேர்த்து வைத்தாலோ, வந்து நிற்கிறவன் கொடுக்க வந்தவனா கேட்க வந்தவனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. கட்டுரையில் இதற்கு ஒரு வழியும் இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு வரி கூட இல்லை.

விலக்கா? அதற்குள்ளேயா?

இருங்கள், இருங்கள் கண்டக்டர், இறங்க ஆள் இருக்கிறது. அண்ணாச்சி, இந்த ஜாடியைக் கொஞ்சம் பிடியுங்கள், நான் எழுந்து நின்றுகொள்கிறேன். அடியில் கை கொடுத்துப் பிடியுங்கள், ஆமாம், அப்படித்தான்.

டம்ளர் வேண்டாம், அது என் கையிலேயே இருக்கட்டும்.